காற்று முதுகில் படட்டும்: குமரிக் கடலில் ஆலாக்களைப் படமெடுப்பது

குமரி மாவட்டத்து மணக்குடிக்கு, ஆலா என்னும் மீன் பிடிக்கும் நீர்ப்பறவையைப் படமெடுக்கப் போகிறவர்கள், கேமராப் பையைத் திறப்பதற்கு முன் கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளங்களின் கொடிகளைப் பார்க்க வேண்டும். கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எங்கே நிற்பது என்ற பேச்சு. எந்த லென்ஸ், என்ன ஷட்டர் வேகம், நொடிக்கு எத்தனை படம் என்பதெல்லாம் அதற்கும் பின்னால். பல ஆண்டுகளாக இந்த மாவட்டத்தின் கடற்கரையில் மீன் பிடிக்கும் பறவைகளின் பின்னால் அலைகிறேன். இடையில் கேமரா மாறியது, லென்ஸும் மாறியது. ஆனாலும் படங்கள் தேறத் தொடங்கியது நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்ட பிறகுதான்.

ஆலா இரை தேடுவதைக் கொஞ்ச நேரம் வெறும் கண்ணால் பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். அது காற்றை எதிர்த்துப் பறந்துகொண்டுதான் நீரை ஆராய்கிறது. எதிர்க்காற்று இறக்கையைத் தாங்கிப் பிடிப்பதால் மெதுவாக முன்னேற முடிகிறது. வேண்டிய இடத்தில் அந்தரத்தில் நின்று கீழே பார்க்கவும் முடிகிறது. கொஞ்ச தூரம் அப்படிப் போனதும் சட்டென்று திரும்பி, காற்றோடு சறுக்கித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். பிறகு மறுபடியும் அதே பாதை. காற்றோடு திரும்பும் அந்த ஓட்டத்தில் அதைத் துரத்திப் படமெடுப்பது வீண் வேலை. எதிர்க்காற்றில் வரும் ஓட்டத்தில்தான் படம் இருக்கிறது. காற்று நம் முதுகில் பட்டால் அந்த ஓட்டம் முழுவதும் பறவை நம்மைப் பார்த்து, நிதானமாக, கண்ணும் அலகும் தெரிய வரும். காற்று நம் முகத்தில் அடித்தால் நமக்குக் கிடைப்பது வால்.

வெயிலும் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். காற்றும் வெயிலும் ஒரே பக்கம் சேரும் இடத்தையும் வேளையையும் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. இதில் குமரி மாவட்டத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கிழக்கைப் பார்த்த கடலும் மேற்குக் கடலும் ஒரே மாவட்டத்துக்குள், பைக்கில் போய் வரும் தூரத்தில் வேறு எங்கே கிடைக்கும்? ஒரு கரையில் காற்று ஒத்துவராத பருவத்தில் மறுகரையில் ஒத்துவரும்.

மார்கழி, தை மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. மணக்குடியில் கடல் தெற்கைப் பார்த்திருப்பதால் சூரியன் தென்கிழக்கில், கடலுக்கு இடது ஓரத்தில் எழுகிறது. பழையாறு கடலில் சேரும் காயலின் கிழக்குக் கரையான கீழமணக்குடியில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் ஒரு தோளிலும் காற்று மறு தோளிலும் படும். எதிர்க்கரையின் தென்னந்தோப்பு இருண்ட பச்சையாகப் பின்னால் நிற்கும். அதன் முன்னால் வெள்ளைப் பறவை வரும்போது இறகின் ஓரம்வரை துலங்கித் தெரிகிறது. ஆறே முக்கால் மணி வாக்கில் வெயில் விழத் தொடங்கும்; எட்டரை வரை நல்ல வெளிச்சம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் வேகமாக மேலேறிவிடும். ஒன்பதுக்குப் பிறகு இறக்கைக்கு அடியில் நிழல் விழுந்துவிடும். மணலில் கானலும் எழும்பத் தொடங்கும். கானல் வந்துவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும்.

மாலையில் மேலமணக்குடிக்குப் போய்க் கிழக்கே பார்த்து நின்றால் வெயில் சரியாக இருக்கும், காற்று எதிராக இருக்கும். அந்த வேளையில் நான் கீழமணக்குடியிலேயே நின்று வெயிலுக்கு எதிராக எடுப்பேன். பறவை கறுத்த உருவமாக நம்மை நோக்கி வரும். அலகில் மீனும் உடலிலிருந்து சொட்டும் நீரும் மட்டும் ஒளிரும். பறவையின் நிறத்தையும் வகையையும் காட்ட வேண்டுமானால் இது உதவாது. அது எப்படிப் பறக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல வெளிச்சம் இல்லை.

காயலின் மேலே உள்ள பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 சுனாமி பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போன இடம் இது. இப்போதுள்ள பாலத்தின் ஓரத்தில் நின்றால் ஆலாக்கள் நம் கண் மட்டத்திலேயே வரும். கரையிலிருந்து அண்ணாந்து எடுக்கும் படத்தில் இல்லாத நெருக்கம் அதில் உண்டு. ஆனால் கனரக வண்டி ஒன்று கடந்தால் போதும், பாலம் அதிர்வது கால் வழியாகத் தெரியும். அங்கே முக்காலி வைத்தால் அந்த அதிர்வு நேராக லென்ஸுக்கு ஏறும். கையில் பிடித்து எடுப்பதே நல்லது.

ஆனி, ஆடியில் கதை தலைகீழாக மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மணக்குடி, முட்டம், குளச்சல் கரைகளில் அலையும் தூவானமும் நின்று படமெடுக்க விடாது. அப்போது போக வேண்டியது சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம். கிழக்கைப் பார்த்த கடல், மாலை வெயில் முதுகில், மேற்குக் காற்றும் முதுகில். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் நடுவில் சின்னமுட்டத்துப் படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கும்போது குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். படகு திரும்பும் துறைமுகத்தில்தான் கழிவு மீன் விழும். கழிவு மீன் விழும் இடத்தில்தான் பறவை கூடும். காற்று, வெயில், படகு மூன்றும் ஒரே கரையில் சேரும் ஆறேழு வாரங்கள் அவை. குமரியில் படமெடுக்கிறவர்கள் பலரும் மழைக்காலம் என்று கேமராவைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம். மேகம் மூடிய மாலையில் வெள்ளை இறகு வெளுத்துப்போகும் தொல்லையும் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடலுக்கு வராமல் முதலில் சுசீந்திரம் குளத்துக்கோ தேரூர் குளத்துக்கோ போகலாம். இரண்டும் சேர்ந்து 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. அங்கே குளிர்காலத்தில் வரும் மீசை ஆலா நீருக்குள் பாய்வது அரிது. தாழப் பறந்து, நீர்ப்பரப்பை அலகால் தொட்டுப் பூச்சியையோ சின்ன மீனையோ கொத்திக்கொண்டு மேலே போகும். வேகம் குறைவு, பாதை நீளம், அதே பாதையில் திரும்பத் திரும்ப வரும். கை பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. துறைமுகங்களில் கிருஷ்ணப் பருந்தும் அப்படித்தான். அது காலால்தான் மீனை அள்ளும். நீருக்கு மேல் கால் நீளும் நேரத்தைக் கணிப்பது எளிது.

கடலில் என் மனம் நிற்பது பெரிய கொண்டை ஆலாவிடம். மஞ்சள் அலகு, தலைக்குப் பின்னால் கலைந்த கறுப்புக் கொண்டை, காகத்தைவிட நீண்ட உடல், ஒரு மீட்டருக்கு மேல் விரியும் இறக்கை. ஆரஞ்சு நிற அலகோடு சற்றுச் சிறிதாக வருவது சிறிய கொண்டை ஆலா. இவை பாய்வதைப் படமெடுக்க வேண்டுமானால், பாய்ச்சலுக்கு முன் நடப்பதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பாய்ந்த பிறகு பொத்தானை அழுத்தினால் கிடைப்பது நுரை வட்டம் மட்டும்.

நெருங்கிப் பார்த்தால் அது இப்படி நடக்கிறது. எதிர்க்காற்றில் வந்துகொண்டிருக்கும் பறவையின் தலை மட்டும் முதலில் குனியும். உடல் கிடையாகவே இருக்கும். இது தேடல். இப்படிக் குனிந்த தலையோடு அது நெடுந்தூரம் போகலாம். அப்போது அழுத்த வேண்டியதில்லை. அடுத்து வால் விசிறிபோல் விரிந்து கீழே வளையும். இறக்கை அடிப்பு சின்னதாக, விரைவாக மாறும். பறவை அந்தரத்தில் நின்றுவிடும்; அலகு நேர் கீழே. இங்கே விரல் பாதி அழுத்தியிருக்க வேண்டும். பிறகு உடல் ஒரு பக்கமாகச் சரியும். இறக்கைகள் பாதி மடிந்து பின்னுக்குப் போகும். அந்தச் சரிவுதான் அடையாளம். சரிவு தொடங்கும்போதே அழுத்தத் தொடங்கி நீரைத் தொடும்வரை விடக்கூடாது. பல சமயம் பாதி வழியில் மனம் மாறி இறக்கையை விரித்து மேலே போய்விடும். அந்தப் படங்களையும் அழித்துவிடாதீர்கள். பாய்ச்சலை முறிக்கும்போது இறக்கை நுனியின் முதன்மை இறகுகள் வளைந்து நிற்பது முழுப் பாய்ச்சலைவிட அழகாக அமைவதுண்டு.

நீருக்குள் அது இருப்பது கண் இமைக்கும் நேரம். அப்போது பெரும்பாலானவர்கள் கேமராவை இறக்கிப் பின்திரையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இறக்கவே கூடாது. விழுந்த இடத்திலேயே லென்ஸை வைத்திருங்கள். வெளியே வரும்போதும் அது காற்றை எதிர்த்தே எழும். முதல் சில இறக்கை அடிப்புகள் நனைந்த கனத்தோடு மெதுவாக இருக்கும். நீர் இறக்கை நுனியிலிருந்து திரையாக வடியும். அலகில் நெத்திலி இருக்கிறதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். ஆள் உயரம் இரண்டு மடங்கு ஏறியதும் பறந்துகொண்டே உடலை உதறும். குளித்துவிட்டு வரும் நாய் உதறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான், ஆனால் அந்தரத்தில். தலை ஓரளவு நிலையாக நிற்க, உடல் திருகிக்கொண்டு, துளிகள் சுற்றிலும் தெறிக்கும். இதைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் பாய்ச்சலையே விட்டுவிட்டு இதற்காகக் காத்திருக்கலாம். நேரமும் இடமும் முன்கூட்டியே தெரிகிற நிகழ்ச்சி இது ஒன்றுதான்.

மீன் கிடைத்துவிட்டால் அடுத்த காட்சி துரத்தல். தலை முதலாகப் பறந்துகொண்டே விழுங்கிவிட்டால் பிழைத்தது. கொஞ்சம் பெரிய மீனாக இருந்து தாமதித்தால் மற்ற ஆலாக்களும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் விரட்டத் தொடங்கும். கடற்காகங்கள் லடாக், திபெத் போன்ற மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலத்தைக் கழிக்க வருபவை. தானாக மீன் பிடிப்பதைவிடப் பிறர் பிடித்ததைப் பறிப்பதில் அவற்றுக்கு ஆர்வம் அதிகம். துரத்தலில் எந்தப் பறவையைப் பின்தொடர்வது என்று குழம்பாதீர்கள். மீன் வைத்திருக்கும் பறவையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். துரத்துவது தானாகச் சட்டகத்துக்குள் வரும்.

இனி கேமரா. தெளிந்த வானமுள்ள தை மாதக் காலையில், ஏழேகால் மணிக்கு நான் தொடங்குவது ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 800, துளை எஃப் 6.3, ஷட்டர் நொடியில் 2500-இல் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் கழித்து ஐஎஸ்ஓ-வை 400-க்கு இறக்கி ஷட்டரை 3200-க்கு ஏற்றுவேன். மீசை ஆலாவுக்கு 2000 போதும். பாய்ச்சலுக்கு 3200-க்குக் குறைந்தால் அலகு நுனி கலங்கிவிடும். வெளிச்சத்தைக் கேமராவின் கணக்குக்கு விடாமல் கையால் பூட்டிவிடுவதுதான் இதில் முக்கியம். ஒரே பாய்ச்சலில் பறவையின் பின்னணி வானமாக, தோப்பாக, இருண்ட நீராக, வெண்ணுரையாக மாறுகிறது. பறவையின் மேல் விழும் வெயிலோ மாறுவதில்லை. தானியங்கி முறையில் விட்டால் வானத்தின் முன் பறவை கறுக்கும், இருண்ட நீரின் முன் வெளுத்து இறகின் கோடுகளே மறையும். மணலில் உட்கார்ந்திருக்கும் கடற்காகத்தையோ வெள்ளைக் கொக்கையோ தொலைவிலிருந்து எடுத்துப் பாருங்கள். வெள்ளை மிஞ்சினால் திரையில் மினுக்கிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. மினுக்கல் நிற்கும்வரை குறைத்து, அதிலேயே பூட்டிவிடுங்கள். மேகம் மறைத்தால் மட்டும் மறுபடி பார்த்தால் போதும்.

குவியத்தில் ஒரு பழக்கம் பெரிய வித்தியாசம் தரும். பறவை தாழ வந்த பிறகு அதைப் பிடிக்கப் பார்த்தால் கேமரா அலையைப் பிடித்துக்கொள்ளும். வானத்தின் முன் உயரத்தில் இருக்கும்போதே பிடித்து, அங்கிருந்து கீழே கூட்டி வர வேண்டும். குறுக்கே அலையோ வேறு பறவையோ வந்தால் உடனே தாவிவிடாமல் சற்றுப் பொறுக்கும்படி பின்தொடரும் அமைப்பை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். புதிய மிரர்லெஸ் கேமராக்களில் பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு அரை நொடி முன்பிருந்தே படங்களைச் சேமிப்பதும் சிலவற்றில் உண்டு. பாய்ச்சலுக்கு இது வரம்தான். அது இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பழைய கேமராவும் 300 மில்லிமீட்டர் லென்ஸும் வைத்துக்கொண்டு சரியான கரையில் நிற்பவருக்குக் கிடைப்பது, 600 மில்லிமீட்டர் லென்ஸோடு தவறான கரையில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. கனமான லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றால் கை சோர்ந்து, நல்ல பாய்ச்சல் வரும்போது தாமதமாகும் என்பதையும் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நிற்கும் விதமும் உண்டு. பறவை எங்கே போய் முடிக்குமோ அந்தத் திசைக்குக் கால்களை வைத்து, இடுப்புக்கு மேலே மட்டும் அது தொடங்கும் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். பறவை வர வர உடல் தானாக இயல்பு நிலைக்கு அவிழும். மாற்றி நின்றால் நடுவழியில் உடல் முறுக்கிக்கொண்டு லென்ஸ் தடுமாறும்.

பறவை எங்கே விழும் என்பதைக் கேமரா வைத்திருப்பவர்களிடம் கேட்டு நான் கற்கவில்லை. ராஜாக்கமங்கலம் பக்கம், கரையில் நின்று இழுக்கும் கரைமடி வலையை இழுக்கும் இடத்தில் ஒரு பெரியவர் சொல்லித் தந்தார். வலையின் இரண்டு கயிறுகளும் கரையில் இருக்க, மீன் சேரும் பையான மடி இன்னும் வெகு தூரத்தில் கடலுக்குள் இருந்தது. நான் கயிறு இழுப்பவர்களுக்கு நேரே நின்று கேமராவை ஆயத்தமாக்கிக்கொண்டிருந்தேன்.

“மக்களே, இப்போதே ஏன் நிற்கிறாய்? போய்ச் சாயா குடித்துவிட்டு வா” என்றார்.

“பறவை வந்துவிட்டதே பாட்டா.”

“வந்திருக்கிறது. உயரத்தில்தானே சுற்றுகிறது? மீன் இன்னும் கீழே கிடக்கிறது. மடி கரையைத் தொடுகிற நேரம் பார், எல்லாம் தாழ வந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அப்போதும் நீ இங்கே நிற்காதே. வலைக்குள் இருக்கிற மீனைப் பறவை எடுக்காது; நாங்கள் விட மாட்டோம். வலையின் ஓரத்தில் தப்பித்து ஓடுகிற மீனைத்தான் எடுக்கும். அந்தப் பக்கம் போ.”

அந்தப் பக்கம் என்று அவர் காட்டியது, நீரோட்டம் இழுக்கும் பக்கம். அவர் சொன்னபடியேதான் நடந்தது. அன்றிலிருந்து கரைமடி இழுக்கும் இடத்தில் மிதவைகளின் வரிசைக்குச் சற்று வெளியே, ஓட்டத்தின் கீழ்ப்பக்கம்தான் நிற்கிறேன். தூரக் கடலில் பறவைகள் திடீரென்று ஓரிடத்தில் கொட்டுவது போலப் பாய்ந்தால் அடியில் சூரை போன்ற பெரிய மீன் சாளையை மேலே விரட்டுகிறது என்பதையும் அவர்தான் சொன்னார். கடலோடிகள் பறவையைப் பார்த்து மீனைக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் அவர்கள் வலை போடுவதைப் பார்த்துப் பறவையைக் கண்டுபிடிக்கலாம். காயலிலும் இதே கணக்குதான். காயல் கடலில் சேரும் பொழிமுகம் திறந்திருக்கும் நாட்களில், கடல் வற்றும் நேரத்தில் காயல் நீர் குஞ்சு மீன்களை இழுத்துக்கொண்டு வெளியே ஓடும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. ஆனாலும் பறவைகளுக்கு அது தெரிகிறது. வற்றும் நேரமும் காலை வெயிலும் ஒன்றாக வரும் நாளைப் பார்த்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வலை இழுக்கும் இடத்தில் ஆட்களைப் படமெடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். கயிற்றை ஒரு கை பிடித்து இழுத்தால் இன்னும் நல்லது.

கரையின் நிறத்தையும் யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கம் மணலில் இல்மனைட், கார்னெட் தாதுக்கள் கலந்து கறுப்பாகவும் செம்மையாகவும் கிடக்கும். அதன் மேல் பறக்கும் ஆலாவின் இறக்கையடி இருண்டே இருக்கும். கீழிருந்து திரும்பி வரும் வெளிச்சம் இல்லை. புத்தளம் உப்பளத்தில் நேர் எதிர். ஆழமில்லாத நீரும், வரப்பில் குவித்த உப்பும் வெயிலை மேல்நோக்கித் திருப்பிவிடுவதால், மற்ற இடங்களில் மூட்டை கட்டும் ஒன்பதரை மணிக்கும் அங்கே இறக்கையடியின் சாம்பல் நிறம் தெளிவாக விழும். காஸ்பியன் ஆலாவை, ஆலாக்களிலேயே பெரியது, தடித்த சிவப்பு அலகு, அங்கே எடுத்த படங்கள்தான் என்னிடம் உருப்படியானவை. உப்பளத்தில் நடக்கும்போது பாத்திகளில் கால் வைக்காதீர்கள்; அது அங்கே வேலை செய்பவர்களின் அன்றாட உழைப்பு.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளின் மேல் ஏறி நின்றால் பறவைகளுக்கு வெகு அருகில் போய்விடலாம். போவதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். பாசி படிந்த கல்லில் கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்தாலும் ஆபத்து. இன்னொன்று கள்ளக்கடல். காற்றே இல்லாத, தெளிந்த நாளில் தொலைதூரக் கடலில் உருவான பேரலை வந்து கரையேறும். 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முன் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். எச்சரிக்கை இருந்தால் சுசீந்திரம் குளத்துக்குப் போங்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் முகத்துவாரம் மீனவர்களின் படகுகளையே கவிழ்த்த இடம். அங்கே அலைத்தடுப்பின் நுனிக்கு நான் போவதில்லை.

ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். பொழிமுகத்து மணல்திட்டில் ஆலாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஓய்வெடுக்கின்றன, இறகு கோதுகின்றன. யாராவது ஒருவர் கூட வந்த பையனிடம் “ஓடு” என்பார். பையன் ஓடுவான், கூட்டம் எழும்பும், நாலு பேர் கேமரா தட்டுவார்கள். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? நூறு பறவைகளின் முதுகு. இரை தேடிக் களைத்த பறவையின் ஓய்வைக் கெடுத்து வாங்கிய முதுகு. கடற்காகங்களை வரவழைக்க மிக்சரும் ரொட்டியும் வீசுவதும் இதே ரகம்தான். பறவை தானாக வரும் இடத்தில், தாழ உட்கார்ந்து, அசையாமல் இருந்தாலே அருகில் வரும். கரைமடிக்காரர்களின் தலைக்கு மேலேயே அவை பறப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் துடைக்கும் முன் ஊதுகுழலால் ஊதி மணலை நீக்குங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். உலர்ந்த துணியை மட்டும் போட்டுத் தேய்த்தால் உப்புத் துகள் கோடு போடும். கடற்கரையில் லென்ஸ் மாற்றுவது கூடாது. ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

படங்களைப் பிரிக்கும்போது கண்ணில் ஒளிப்புள்ளி இல்லாதவற்றை முதலில் கழித்துவிடுவேன். ஆனால் பாய்ந்து எழும் படங்களில் கால்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் கழிப்பேன். வளையமோ நிறக்கொடியோ மாட்டிய பறவையாக இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்யும் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு நாள், இடம், வளையத்தின் எழுத்து இவற்றோடு படத்தை அனுப்பலாம். அந்தப் படம் கலங்கியிருந்தாலும் பரவாயில்லை.

ஜூலை 31 நள்ளிரவோடு மேற்குக் கரைத் தடை முடிகிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கும் ஆகஸ்ட் மாதத்தில் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் இரண்டிலும் பறவைக் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. காற்று அப்போதும் மேற்கிலிருந்துதான் அடிக்கும். ஆகவே துறைமுகப் படுகையின் மேற்குப் பக்கம் நின்று உள்ளே பார்த்து எடுக்க வேண்டும். வெயிலுக்கு அது மாலையில் சரியாக வரும். ஏலம் நடக்கும் நேரத்தில் மீன் வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டிருக்கும், காருக்கு இடம் கிடைக்காது. பைக்கில் போங்கள், லென்ஸுக்குப் பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.